நத்தார் வழியில் நிற்கிறார்

நத்தார் இந்த வருடம் வருவாரா?

கேள்வி என்னுடையது அல்ல. வானொலி நிலையத்தின் தொலைபேசியில் த்ரீ கிங்ஸ் பகுதியில் இருக்கும் நேயர் ஐயா ஒருவர் விட்டுவைத்த குரற்பதிவு அது. நிலைய முகாமையாளர் நேற்றுக் காலை எனக்கு அனுப்பியிருந்தார். ஆய்வகத்தில் தண்ணீர்ப் போத்தல்களுக்கு நடுவில் நின்று கேட்டேன்.

“வணக்கம்மா. புதன்கிழமை ப்ரோக்ராம் கேட்டேன். சனிக்கிழமை அஞ்சு மணின்னு சொன்னீங்க. மழை வரும்ங்கறாங்க, வந்தாலும் நான் வந்துடுவேன். ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சா போதும். நத்தார் இந்த வருஷமாவது வருவாரா, இல்ல வழியிலேயே நிக்கறாரா?”

‘சொன்னீங்க’ என்று அவர் சொன்னது உன்னை.

நீ ஆவணியிலிருந்து இல்லை. அது அவருக்குத் தெரியாது. நம் நிகழ்ச்சியைக் கேட்கிறவர்களில் ஒருவருக்கும் தெரியாது. சொல்ல வேண்டியவள் நான், சொல்லவில்லை. உன் அடக்கத்துக்கு வந்தவர்கள் உன்னைத் தெரிந்தவர்கள். உன் குரலை மட்டும் தெரிந்தவர்கள் வேறு ஆட்கள். ஒலிவாங்கியில் நீ ஒருநாளும் பெயர் சொன்னதில்லை. “நான்தான் கதைக்கிறன்” என்று தொடங்குவாய், அவ்வளவுதான். நாலு மாதமாகப் புதன்கிழமைகளில் உன் பழைய நிகழ்ச்சிகளை எடுத்து மறுபடி ஒலிபரப்புகிறேன். நீ தொடர்ந்து கதைத்துக்கொண்டிருக்கிறாய்.

முதலில் ஒவ்வொரு பதிவையும் கேட்டு, திகதி வருகிற இடங்களை வெட்டிவிட்டுத்தான் ஏற்றினேன். பிறகு கேட்க முடியாமல் போயிற்று. இந்தப் புதனுக்குப் போன மார்கழி நிகழ்ச்சியை எடுத்தேன். மார்கழிக்கு மார்கழிதானே பொருத்தம் என்று நினைத்து, திறந்தும் பாராமல் ஏற்றிவிட்டேன். கடைசி ஐந்து நிமிடத்தில் நீ இப்படிச் சொல்லியிருக்கிறாய்:

“வாற சனிக்கிழமை பின்னேரம் அஞ்சு மணிக்கு, ரோஸ்கில்லில, வழமையான மண்டபத்துப் புல்லில எங்கட நத்தார் கச்சேரி. கதிரை கொண்டு வாங்கோ. சாப்பாடு கொண்டுவந்தா எனக்கும் தாங்கோ.”

கச்சேரி இல்லை. மண்டபம் எடுக்கவில்லை. வாத்தியக்காரர் இல்லை. நாளைக்குத்தான் சனிக்கிழமை. இல்லாத ஒரு கச்சேரிக்கு நீ எல்லோரையும் கூப்பிட்டுவிட்டாய். வாசலில் நின்று பதில் சொல்ல நான் ஒருத்திதான் மிச்சம்.

இப்போது வெள்ளிக்கிழமை பின்னேரம். வெயில் இன்னும் சுவரில் கிடக்கிறது. இந்த நாட்டில் மார்கழிக் கோடையில் பூக்கும் பொஹுடுகாவா மரம் எதிர்வீட்டில் பூத்துக் கொட்டி, நடைபாதை முழுக்கச் சிவப்பு நார். இந்தப் பூவைப் பார்த்தால் உனக்குக் கை துறுதுறுக்கும். “பூத்திட்டுது. அன்ரனுக்கு போன் அடி, ட்ரம்ஸைத் தூசி தட்டச் சொல்லு” என்பாய். இந்த வருடம் நான் தெருவின் மறுபக்கத்தால் நடந்து வந்தேன்.

*

ரானுயியில் நாம் சேர்ந்து இருந்த வீட்டின் வானொலியை நினைத்துக்கொள்கிறேன். நாம் இருவரும் பல்கலைக்கழகத்தில் படித்த காலம். குளிருக்கு ஜன்னலெல்லாம் வியர்க்கும் அந்த வீட்டில், முன்பு இருந்தவர்கள் விட்டுப்போனவை இரண்டு: ஈரம் மணக்கிற ஒரு கம்பளமும், குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒரு வானொலியும். வானொலியின் திருகு உடைந்திருந்தது. ஒரே ஒரு நிலையம்தான் எடுக்கும். ஞாயிறு பின்னேரங்களில் அதில் ஜாஸ் போகும். ரயிலில் வந்து இறங்கி, பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு, நீ அதன் முன்னால் நிற்பாய்.

மன்னாரில் கோவில் ஆர்மோனியம் வாசித்து வளர்ந்தவள் நீ. எட்டு வயதில் பூசைக்கு வாசித்தவள், இசையில் தெரியாதது இல்லை என்று எண்ணியிருந்ததாகச் சொன்னாய். “இவங்கள் பிழையான கட்டையில கை வைக்கிறாங்கள். வைச்சிட்டு, அதுதான் சரியெண்டு நிரூபிக்கிறாங்கள்” என்று ஒரு ஞாயிறு கத்தினாய். பருப்பு அடிப்பிடித்தது.

எனக்கு அது இரைச்சலாகத்தான் இருந்தது. மெட்டை முதலில் ஒழுங்காக வாசித்துவிட்டு, பிறகு ஏன் அதைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறார்கள் என்று கேட்டேன்.

“தேடுறதைத்தானடி கேக்கிறது.”

“கிடைக்காட்டி?”

“கிடைக்காட்டி ட்ரம்ஸ்காரன் இருக்கிறான்.”

நான் நம்பவில்லை. நீ சொன்ன பலவற்றை நான் நம்பவில்லை. “இவள் குழாயைத் திறந்தா தண்ணியிட்ட அடையாள அட்டை கேப்பாள்” என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தாய். கடைசியில் எனக்கு அதுவே தொழிலானது. நகரத்தின் குடிநீரைச் சோதித்துக் கையெழுத்து வைக்கிற வேலை.

பல வருடங்களுக்குப் பிறகு, சமூக வானொலியின் தமிழ்க் குழுவில் போய், தமிழில் ஜாஸ் நிகழ்ச்சி செய்ய அரை மணித்தியாலம் தாருங்கள் என்று கேட்டாய். என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“தங்கச்சி, இதை ஆர் கேப்பினம்?”

“நான் கேப்பன்.”

“சரி. வேற?”

என்னைக் காட்டினாய். “இவள் இது என்ன கண்றாவியெண்டு கேப்பாள். ரெண்டு பேர் ஆச்சு.”

அவர் சிரித்துவிட்டார். நிகழ்ச்சி கிடைத்தது. நீ கதைப்பாய், நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மேசையில் இருந்து ஒலியை ஏற்றி இறக்குவேன். இத்தனை வருடத்தில் ஒரு வார்த்தையும் நான் ஒலிவாங்கியில் சொன்னதில்லை. அது நமக்குள் ஒப்பந்தம்.

பாட்டுகளை அடுக்குவதில் உனக்குச் சில பிடிவாதங்கள் இருந்தன. இரண்டு சாக்ஸபோன்களை அடுத்தடுத்துப் போடக் கூடாது, “ரெண்டு மாமன்மாரை ஒரு வாங்கில இருத்தின மாதிரி.” பாடுகிற குரல் முடிந்ததும் நீ உடனே கதைக்க மாட்டாய். அமைதி கிடக்கும். கிடந்துகொண்டே இருக்கும். அரை நிமிடம் அமைதியாக இருந்தால் நிலையத்தில் ஆள் மயங்கிவிட்டதென்று எண்ணி, ஒரு இயந்திரம் தானாகவே வேறு இசையைப் போட்டுவிடும். நான் கடிகாரத்தைப் பார்த்துக் கண்ணாடியில் தட்டுவேன். நீ கண்ணை மூடிக்கொண்டு, கடைசி நொடியில், “ம்” என்பாய்.

எல்லாவற்றிலும் பெரிய பிடிவாதம் கடைசிப் பாட்டு. மிஞ்சியிருக்கும் நேரத்துக்குள் முடிகிற பாட்டைப் போட விடமாட்டாய். நீளமான ஒன்றைத்தான் எடுப்பாய். நேரம் முடியும்போது பாட்டு பாதியில் இருக்கும். நான் மெல்ல மெல்ல ஒலியை இறக்க வேண்டும்.

“நாங்கள் போன பிறகும் அவங்கள் வாசிச்சுக்கொண்டிருக்கட்டும்” என்பாய். “கேக்கிற ஆளுக்கு அப்பிடித்தானே தெரியும்.”

அது முழுப் பொய் என்று நான் சொன்னேன். பாட்டு முடிகிற நிமிடம் திரையில் எழுதியிருக்கிறது. அந்த வாத்தியக்காரர்களில் பாதிப் பேர் உயிரோடும் இல்லை. நீ என்னைப் பார்த்த பார்வை நினைவிருக்கிறது. கோபம் இல்லை. தண்ணீரிடம் அடையாள அட்டை கேட்கிறவளைப் பார்க்கும் பார்வை.

*

நத்தார் நம் வாழ்வில் வந்தது முதலாவது கச்சேரியில்.

அப்போது நமக்கு வாத்தியக்காரர் மூன்று பேர். விசைப்பலகையில் நீ. மன்னாரில் உன் தெருக்காரன் அன்ரன் ட்ரம்ஸ். ஈஸ்ட் டாமாக்கித் தொழிற்சாலையில் வேலை முடித்து மஞ்சள் சட்டையோடே வந்து நின்றான். பெரிய பேஸ் வாத்தியத்துக்கு, ஓய்வுபெற்ற ஒரு பள்ளிக்கூட ஆசிரியர், இந்நாட்டவர். தேவாலயத்து மண்டபத்தின் பக்கப் புல்தரையில் ஆட்கள் பாய் விரித்துக் குந்தியிருந்தார்கள். வானொலியில் நீ ‘நத்தார் கச்சேரி’ என்று அறிவித்திருந்தாய். நமக்குக் கிறிஸ்மஸ் என்றால் நத்தார்தானே. வேறு எப்படிச் சொல்வது?

முன்வரிசையில், மடக்கு நாற்காலியில், மடிப்புக் கலையாத சட்டையோடு ஒரு பெரியவர் நேராக உட்கார்ந்திருந்தார். திருச்சிப் பக்கம். மகனோடு இருக்க த்ரீ கிங்ஸுக்கு வந்தவர், தமிழில் எது ஒலித்தாலும் கேட்பவர். இடைவேளையில் என்னிடம் வந்தார்.

“நத்தார் எப்பம்மா வருவார்?”

நான் இருபத்தைந்தாம் திகதியைக் கேட்கிறார் என்று நினைத்தேன். “இன்னும் ஒரு கிழமைதானே ஐயா.”

“என்ன கிழமை?”

“ஒரு கிழமை.”

“அதான், எந்தக் கிழமை? இன்னைக்கு வரமாட்டாரா?”

“இண்டைக்கு எப்பிடி ஐயா வரும்?”

அவர் முகம் சுருங்கிவிட்டது. “அப்போ அவர் பேரைப் போட்டு அழைச்சிருக்கக் கூடாதில்லையா? நத்தார் கச்சேரின்னு சொல்லிட்டு, நத்தாரே இல்லைன்னா எப்படி? பெரியவர் பாடுவாரா, வாசிப்பாரா, அதையாவது சொல்லுங்க.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் ஊரில் அந்தச் சொல்லே கிடையாது. ‘ஆர்’ என்று முடிவதால் யாரோ மரியாதைக்குரிய வித்துவான் என்று எண்ணியிருக்கிறார். நமக்குக் கிழமை என்றால் வாரம், அவருக்கு அது திங்கள், செவ்வாய் என்கிற நாள். நான் விளக்குவதற்கு வாயைத் திறந்தேன். பின்னால் நீ கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாய். சிரிப்பில் நிலைதடுமாறி விசைப்பலகையில் முழங்கையை ஊன்ற, பயங்கரமான ஒரு சத்தம் எழும்பியது. “பிழையான கட்டை” என்று அன்ரன் சொன்னான். நீ ஒலிவாங்கியை எடுத்தாய்.

“ஐயாமாரே, அம்மாமாரே, ஒரு அறிவித்தல். நத்தார் வழியில நிக்கிறார். மோட்டர்வேயில சரியான நெரிசலாம். அவர் வரும்வரைக்கும் நாங்கள் சமாளிக்கிறம்.”

பெரியவர் திருப்தியோடு போய் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மார்கழியும் அவர் தொலைபேசியில் கேட்பார், நீ ஒலிவாங்கியில் பதில் சொல்வாய். ஒரு வருடம் நத்தாருக்குத் தடிமன் காய்ச்சல். ஒரு வருடம் விசா கிடைக்கவில்லை. ஒரு வருடம் விமானநிலையத்தில் அவர் கொண்டுவந்த ஊறுகாயைப் பிடித்துவைத்துவிட்டார்கள். அவருக்கு உண்மை எப்போதோ தெரியும், நமக்காக நடிக்கிறார் என்று நீ சொன்னாய். இல்லை, அந்த மனிதர் நேர்மையாகக் காத்திருக்கிறார், நாம் செய்வது கொடுமை என்று நான் சொன்னேன். அவரையே கேட்டுவிடலாம் என்றேன். “கேட்டா விளையாட்டு முடிஞ்சிடும்” என்றாய்.

*

ஆஸ்பத்திரியில் உனக்குக் கதைக்க மூச்சு இருந்த கடைசிக் கிழமையில், நீ என்னிடம் ஒரே ஒரு காரியம் கேட்டாய். ஜன்னலுக்கு வெளியே மழை. உன் சேலைன் பையைப் பார்த்துக்கொண்டு நான் இருந்தேன்.

“றேடியோவில நீதான் சொல்லவேணும். வேற ஆரையும் விடாதே.”

“என்னத்தை?”

“என்னத்தையெண்டு உனக்குத் தெரியும்.”

நான் உன் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன்.

“‘இறைவனடி சேர்ந்தார்’ எண்டு சொல்லாதே. உனக்கு அதில நம்பிக்கை இல்லையெண்டு குரலிலேயே தெரியும். ‘காலமானார்’ எண்டா மரண அறிவித்தல் வாசிக்கிற மாதிரி. ‘செத்துப்போனா’ எண்டு சொல்லு. அதுதான் எங்கட பாஷை.”

ஓம் என்றேன்.

உனக்கு அந்தப் பக்கம் ஒரு இடம் இருந்தது. யார் யார் அங்கே காத்திருக்கிறார்கள் என்றும் தெரிந்திருந்தது. எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. இந்த மடலை நீ படிப்பாய் என்று ஒரு கணமும் நான் நம்பவில்லை. இருந்தும் எழுதுகிறேன். வேறு யாரிடம் சொல்வது? இந்த ஊரில் ‘எடி’ என்று என்னைக் கூப்பிட வேறு ஆள் இல்லை. வீட்டுக்குப் போனால் மகன், “ஹாய் அம்மா” என்றுவிட்டு ஆங்கிலத்துக்குப் போய்விடுவான். ஆய்வகத்தில் என் பெயரையே பாதியாக வெட்டித்தான் கூப்பிடுகிறார்கள். நான் தமிழில் முழுசாக இருந்தது உன்னோடுதான். உன்னைச் செத்துப்போனாய் என்று தமிழில் சொன்னால், பிறகு தமிழில் சொல்ல எனக்கு என்ன இருக்கப்போகிறது?

அதனால் சொல்லவில்லை. மறுஒலிபரப்புப் போதும் என்று இருந்தேன். ஒலியை நான் இறக்க, பாட்டு போய்க்கொண்டேயிருக்கிறது என்று எல்லோரும் நம்பட்டும். நான் பொய் என்று சொன்ன அதே வேலையை நாலு மாதமாக நானே செய்திருக்கிறேன்.

நேற்று மத்தியானம் மண்டபத்துக்குத் தொலைபேசி அடித்தேன். சனிக்கிழமைக்கு ஒரு குழந்தையின் பிறந்தநாள் விழாவாம். புல்தரை பொது என்பதால் யாரும் நிற்கலாம், ஆனால் மின்சாரம் தர முடியாது என்றார்கள். பேஸ் வாசிப்பவர் வடக்கே கடற்கரையில், பேரப்பிள்ளைகளோடு விடுமுறையில். அன்ரனுக்கு அடித்தேன். இயந்திரச் சத்தம் கேட்டது.

“அக்கா, நான் சனி ஓவர்டைம் எண்டு சொல்லிப்போட்டன்.”

“ஆக்கள் வரப்போகினம் அன்ரன்.”

“ஆர் கூப்பிட்டது?”

சொன்னேன். அவன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்தான்.

“ட்ரம்ஸ் கராஜுக்குள்ள கிடக்கு. மேல உடுப்புக் காயுது. நான் பிறகு தொடேல்ல அக்கா. எப்பவும் அவதானே எண்ணித் தாறவ. ‘ஒண்டு, ரெண்டு’ எண்டு ஒருத்தரும் எண்ணாமல் நான் எங்க தொடங்குறது?”

“வேலையைப் பார்” என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன்.

முகாமையாளர் நல்ல பெண். இன்று மத்தியானம் சமோவா மொழி நிகழ்ச்சிக்கும் செய்திக்கும் இடையில் எனக்கு ஒரு நிமிடம் ஒதுக்கித் தந்தார். கச்சேரி இல்லை என்று நேரே சொல்லிவிடலாம், ஆட்கள் வீணாக வராமல் தடுக்கலாம். வருட முடிவோடு மறுஒலிபரப்பும் முடிகிறது, அடுத்த வருடத்துக்குக் கதைக்க ஒரு ஆள் இல்லையென்றால் நேரம் வேறு குழுவுக்குப் போகும் என்றும் தயங்கித் தயங்கிச் சொன்னார். நான் தலையாட்டினேன். உன் கதிரையில் முதல்முறையாக உட்கார்ந்தேன். உயரம் உனக்கு ஏற்ற மாதிரியே இருந்தது, என் கால் தரையில் முட்டவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது.

“வணக்கம். இத்தனை வருடமாக இந்த ஜாஸ் நிகழ்ச்சியை உங்களுக்காக நடத்திவந்த என் சிநேகிதி, போன ஆவணி மாதம்…”

அங்கே நின்றுவிட்டேன். ஆங்கிலத்தில் என்றால் அந்தச் சொல் முன்னாலேயே வந்து, வேலை முடிந்திருக்கும். நம் பாஷை அதைக் கடைசிவரைக்கும் வைத்திருக்கிறது. உன்னை, உன் நிகழ்ச்சியை, மாதத்தை எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, வாக்கியத்தின் வாசலில் நின்றேன். வாயைத் திறந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரும் தட்டவில்லை. அது என் இடம், அதில் ஆள் இல்லை. அரை நிமிடம் போயிருக்க வேண்டும். இயந்திரம் விழித்துக்கொண்டு யாரோ கித்தார் வாசித்த ஒன்றைப் போட்டது. பிறகு செய்தி.

கச்சேரி இல்லை என்பதையும் சொல்லவில்லை.

முகாமையாளர் கொண்டுவந்து தந்த தேநீர் ஆறிப்போகும்வரைக்கும் அங்கேயே இருந்தேன். நீ கேட்ட அந்த ஒரு காரியத்தையும் என்னால் செய்ய முடியவில்லை. நாளைக்கு அந்தப் பெரியவர் மழையில் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வருவார். என்னோடு கதைக்காத, உன்னோடு மட்டும் கதைக்கிற ஆட்கள் பாயோடு வருவார்கள். என்னத்தைச் சொல்வேன்? காய்ச்சல் என்று படுத்துவிடலாமா என்று உண்மையாகவே யோசித்தேன். இதை எழுதும்போதும் யோசிக்கிறேன்.

எடி, நான் என்ன செய்ய?

*

சனிக்கிழமை நடந்தது இது.

காலையில் மழை பெய்து ஓய்ந்தது. நாலரைக்கு மண்டபத்து வாசலில் போய் நின்றேன். உள்ளே பிறந்தநாள் கொண்டாட்டம், பலூன்கள், காதைப் பிளக்கிற பாட்டு. புல் ஈரமாக இருந்தது.

முதலில் வந்தவர் ஐயாதான். இரண்டு பஸ் மாறி, நாற்காலியைத் தோளில் மாட்டிக்கொண்டு. மேடை இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நேத்து ரேடியோவுல நீங்கதானேம்மா? குரல் புதுசா இருந்துச்சு. பாதியில கித்தார் வந்துடுச்சு. ‘ஆவணி மாதம்’னு சொன்னீங்க. ஆவணி மாசம் என்னம்மா?”

“செத்துப்போனா ஐயா” என்றேன்.

அவர் நாற்காலியை இறக்கி வைத்தார்.

“புதன்கிழமை பேசினாங்களே?”

“அது போன வருஷத்துப் பேச்சு.”

“அப்போ எல்லாமே…”

“ஓம். ஆவணியில இருந்து எல்லாமே பழசு.”

அவர் நாற்காலியை விரித்தார். உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். “ஒடம்பு சரியில்லைன்னு கூடச் சொல்லலியேம்மா” என்றார். என்னைக் குற்றம் சொன்னாரா, உன்னையா, தெரியவில்லை.

பிறகு மற்றவர்கள் வந்தார்கள். நான் பயந்ததைவிடக் குறைவு, ஆசைப்பட்டதைவிட அதிகம். ஒவ்வொருவரிடமும் வாசலில் வைத்தே சொன்னேன். ஒவ்வொரு முறையும் அதே சொல். சொல்லச் சொல்ல லேசாகும் என்பார்கள், ஆகவில்லை. ஒரு குடும்பம் உடனே திரும்பிப் போனது. ஒரு அம்மா, உனக்குச் சாப்பிடவென்று கட்டிக்கொண்டு வந்த ரோல்ஸ் பொதியை என் கையில் வைத்துவிட்டு அழுதார். மற்றவர்கள் ஈரத்தில் பாய் விரித்து, எதற்கென்று தெரியாமல் உட்கார்ந்தார்கள்.

ஆறு மணிக்குக் கிட்ட அன்ரன் வந்தான், மஞ்சள் சட்டையோடு. கையில் கடைப் பை. அதற்குள் சின்ன ட்ரம் ஒன்றும், கம்பித் தூரிகை இரண்டும்.

“வாசிக்க இல்லை அக்கா. நீங்கள் தனிய நிப்பியள் எண்டு வந்தனான்.”

“பிறகு ஏன் இதைக் கொண்டந்தனீ?”

“சும்மா.”

ஐயா எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். அன்ரன் அதில் உட்கார்ந்து, ட்ரம்மை மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்தான். தொடங்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தான். எனக்கு விளங்க நேரம் எடுத்தது.

“ஒண்டு” என்றேன். “ரெண்டு. ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு.”

தூரிகையால் வாசித்தான். நீங்கள் இருவரும் எப்போதும் கடைசியில் வாசிக்கிற அந்தப் பாட்டு. மெட்டு இல்லை, பேஸ் இல்லை, உன் கை வரவேண்டிய இடமெல்லாம் வெறுமை. அந்த இடங்களை அவன் நிரப்பவில்லை. மண்டபத்துச் சத்தத்தில் பாதி கேட்கவும் இல்லை. யாரும் கை தட்டவில்லை. பாதியில் அவன் கை நின்றது, அவ்வளவுதான்.

கலைந்து போகும்போது ஐயா என்னிடம் வந்தார். எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டார்.

“அப்போ நத்தார் இன்னும் வழியிலதான் நிக்கறாரு?”

அவருக்குத் தெரியுமா, தெரியாதா? கண்ணில் தேடினேன், அகப்படவில்லை. கேட்கலாம் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

“ஓம் ஐயா. மோட்டர்வேயில சரியான நெரிசல்.”

அவர் தலையை ஆட்டினார். நாற்காலியை மடக்கி என் பக்கம் நீட்டினார். “இதை ரெண்டு பஸ் தூக்கிட்டு வர என்னால இனிமே முடியாதும்மா. நீங்களே வெச்சுக்கோங்க. அடுத்த வருஷம் வந்து உக்காந்துக்கறேன்.”

நான் ஓம் என்று சொல்லவில்லை. காரின் பின்கதவைத் திறந்து நாற்காலியை உள்ளே வைத்தேன்.